கண்ணுக்குத் தெரியாத தலைக்காயமும் எம்.ஆர்.ஐ. எனும் சாட்சியும்

தலையில் ஏற்படும் காயங்களுக்கென ஃபிக்ஹு நூல்களில் தனியொரு பகுதி உண்டு. 'ஷிஜாஜ்' என வழங்கப்படும் அப்பகுதியில், தோல் இலேசாகக் கீறப்படுவது தொடங்கி மூளையின் உறையைச் சென்றடைவது வரை காயத்தின் படித்தரங்களை நம் முன்னோர்கள் நுணுகி வகுத்துள்ளனர். எலும்பை வெளிக்காட்டும் காயம் மூளிஹா. அதற்கு 5 ஒட்டகங்கள். எலும்பை நொறுக்குவது ஹாஷிமா, அதற்கு 10. எலும்பை இடம்பெயரச் செய்வது முனக்கிலா, அதற்கு 15. மூளையுறையை எட்டுவது மஃமூமா. அதற்கு முழு உயிரீட்டுத் தொகையாகிய 100 ஒட்டகங்களில் மூன்றில் ஒரு பங்கு. கண்ணால் கண்டும் கருவியால் ஆழம் பார்த்தும் அறியத்தக்க காயங்கள் இவை.

இதே நூல்களில் வேறொரு சட்டமும் உண்டு. ஒருவரை அடித்ததன் விளைவாக அவருடைய 'அக்ல்' எனும் அறிவு போய்விடுமாயின், அடித்தவர் முழு தியத்தும் செலுத்த வேண்டும். தோலில் ஒரு கீறலும் இல்லாவிட்டாலும் இதுவே சட்டம். ஒருவர் எறிந்த கல் மற்றொருவரின் தலையில் பட்டு, அவருடைய கேள்விப்புலன், பேச்சு, அறிவு, இல்லற ஆற்றல் ஆகிய நான்கும் போய்விட்டபோது, அவர் உயிருடன் இருக்கும் நிலையிலேயே உமர் (ரலி) அவர்கள் நான்கு தியத்துகள் விதித்தார்கள் என்னும் செய்தி பிரசித்தமானது. இழந்த புலன்கள் எவை என்பதில் அறிவிப்புகளுக்கிடையே சிறு வேறுபாடு இருப்பினும் தீர்ப்பின் சாரம் ஒன்றே. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது 'மின்ஹாஜ்' நூலில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்கள். காயமும் உண்டாகி அறிவும் போயிருப்பின் இரண்டுக்கும் தனித்தனியே ஈடு உண்டு. ஒன்று மற்றொன்றினுள் அடங்கிவிடாது என்பதே அவர்கள் முன்வைக்கும் வலுவான கருத்து.

ஆழம் பார்க்க முடியாத இந்த இழப்பை நிரூபிப்பது எங்ஙனம்? பொய்யாக நடிப்பவரும் உலகில் உண்டல்லவா? அதற்கும் அந்நூலில் வழி கூறப்பட்டுள்ளது. தாம் தனித்திருப்பதாக அவர் எண்ணிக்கொண்டிருக்கும் வேளைகளில் அவரை மறைவாகக் கவனிக்க வேண்டும். அப்போதும் சொல்லும் செயலும் ஒழுங்கின்றிக் காணப்பட்டால் சத்தியம் கேளாமலேயே தியத் வழங்கப்படும். போன அறிவு மீளக்கூடும் எனத் துறை வல்லோர் கருதினால் காத்திருக்க வேண்டும் என்று பிற்கால விளக்கவுரையாளர்கள் சேர்த்துரைத்தனர். சற்றேறக்குறைய 750 ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்ட இக்கேள்வியைத்தான் இன்றைய நரம்பியல் மருத்துவமும் விபத்து இழப்பீட்டு நீதிமன்றங்களும் வேறு மொழியில் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அதற்கு மருத்துவம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் புதிய சாட்சியே மேம்பட்ட எம்.ஆர்.ஐ. முறைகள். அச்சாட்சி எதைக் கண்டு சொல்லும், எதைச் சொல்லாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

'ஸ்கேனில் ஒன்றுமில்லை'

இப்பொருள் ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்குக் குமரி மாவட்டத்தின் அருமனை போன்ற ஓர் ஊரை எண்ணிப் பார்த்தாலே போதும். மார்த்தாண்டத்திலிருந்து மேல்புறம் வழியாக வரும் மேடும் பள்ளமும் வளைவுமான சாலைகள். இருபுறமும் ரப்பர்த் தோட்டங்கள். விடியுமுன் இரு சக்கர வண்டியில் பால்வெட்டுக்குச் செல்லும் தொழிலாளர்கள். தென்னையும் பனையும் ஏறுவோர். தலைக்காயத்தின் இரு பெருங்காரணங்களான சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுதலும் இங்கே அன்றாட வாழ்வோடு பின்னிக் கிடக்கின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் ஜி. குருராஜ் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மூளைக் காயங்களுள் ஏறத்தாழ 60 விழுக்காடு சாலை விபத்துகளாலும், 20 முதல் 25 விழுக்காடு விழுதலாலும் நேர்பவை எனக் கண்டறிந்தார். 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. இந்திய மாநிலங்களுள் அதுவே மிகுதி. அவற்றில் 17,884 பேர் மாண்டனர். மாண்டவர்களின் கணக்கு நமக்குக் கிடைக்கிறது. பிழைத்து வீடு திரும்பி, முன்னிருந்த மனிதராக இல்லாமற்போனவர்களின் கணக்கு எவரிடமும் இல்லை.

அத்தகைய ஒருவரைக் கற்பனையில் நிறுத்திக்கொள்வோம். பால்வெட்டும் தொழிலாளி ஒருவர் வண்டியிலிருந்து தூக்கி எறியப்படுகிறார். சில நிமிடங்கள் நினைவில்லை. மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. எலும்பு முறிவு இல்லை, இரத்தக்கட்டு இல்லை. இரண்டு நாள்களில் வீடு திரும்புகிறார். ஒரு மாதம் கழித்து வேலைக்குச் சென்றால் கை பழைய கையாக இல்லை. ரப்பர் மரத்தில் பால் சுரக்கும் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய அடுக்கைக் காயப்படுத்தாமல், அதற்கு ஒரு மில்லிமீட்டர் அளவு நெருங்கிக் கத்தியை ஓட்டுவதே பால்வெட்டுக் கலை. ஒவ்வொரு மரத்திலும் கவனம் சிதறாமல் அவ்வாறு வெட்ட அவரால் இயலவில்லை; மரங்கள் புண்படுகின்றன. வீட்டில் சிறு ஓசைக்கும் எரிந்து விழுகிறார். சொன்னதை மறக்கிறார். எந்நேரமும் களைப்பு. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று எழுதித் தந்துவிட்டார்களே என்பதால் சோம்பேறி என்கிறது ஊர். இழப்பீட்டுக்காக நடிக்கிறார் என்கிறது காப்பீட்டு நிறுவனம். ஜின்னின் தீண்டுதல் என்று ஓதிப்பார்க்க அழைத்துச் செல்கின்றனர் உறவினர். ஓதிப்பார்ப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அதனோடு நின்றுவிடுவது நோயாளிக்கு இழைக்கும் அநீதியாகும்.

சி.டி. ஸ்கேனைக் குறை கூறுவதும் நம் நோக்கமன்று. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்குச் செய்யப்பட்ட நாள் முதல் அது காத்த உயிர்களுக்கு அளவில்லை. சில நிமிடங்களில் முடிவதாலும், அவசர அறுவை தேவைப்படும் இரத்தக்கசிவை உடனே காட்டுவதாலும் விபத்து நேர்ந்த நாளில் முதலில் செய்ய வேண்டியது அதுவே. ஆயினும் மூளையின் நரம்பிழைகளை அது காட்டாது. மூளையின் மேற்பகுதியிலுள்ள சாம்பல் நிறப் பொருளில் நரம்பணுக்கள் உள்ளன. அவற்றிலிருந்து புறப்படும் நீண்ட இழைகள் உள்ளேயுள்ள வெண்பொருளாகக் கற்றை கற்றையாக ஓடி ஒரு பகுதியை மற்றொன்றோடு இணைக்கின்றன. வேகமாகச் செல்லும் தலை திடீரெனத் திரும்பி நிற்கும்போது, அடர்த்தி வேறுபட்ட இவ்விரு பகுதிகளும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. அவற்றின் எல்லையிலும், இரு அரைக்கோளங்களை இணைக்கும் பாலத்திலும், மூளைத்தண்டிலும் இழைகள் இழுபட்டுச் சிதைகின்றன. எல்லா இழைகளும் அக்கணமே அறுந்துவிடுவதில்லை. பல இழைகளில் உட்போக்குவரத்து தடைப்பட்டு, மணிக்கணக்கில் வீங்கி, பின்னரே துண்டாகின்றன. தலையை எதிலும் மோதாமலேயே இது நேரலாம்.

1956இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சபினா ஸ்ட்ரிச் என்னும் பெண் நோய்க்கூற்றியலாளர், தலைக்காயத்துக்குப் பின் அறிவு மங்கி நெடுநாள் கிடந்து மாண்ட ஐவரின் மூளைகளை ஆராய்ந்து, வெண்பொருள் பரவலாக அழிந்திருந்ததைக் காட்டினார். பெரிய இரத்தக்கட்டோ நொறுங்கலோ அந்த அழிவுக்குக் காரணமாக இல்லை. 'அக்ல் போயிற்று; காயம் இல்லை' என்று ஃபிக்ஹு நூல்கள் பேசிய நிலைக்கு உடற்கூறு அடிப்படையில் கிடைத்த முதல் விளக்கங்களுள் அதுவும் ஒன்று என நாம் கருதுகிறோம். ஆயின் அதைக் காண நோயாளி இறக்க வேண்டியிருந்தது.

தண்ணீரிடம் விசாரணை

உயிருள்ளவரின் வெண்பொருளைக் காட்டத் தொடங்கியது எம்.ஆர்.ஐ. அதில் எக்ஸ் கதிர்கள் இல்லை. மூளையின் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஹைட்ரஜன் உண்டு. பூமியின் காந்தப்புலத்தைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு வலிய காந்தத்துக்குள் தலையை வைக்கும்போது, ஹைட்ரஜன் கருக்களில் ஒரு சிறு பங்கு காந்தத்தின் திசையில் அணிவகுக்கும். வானொலி அலை ஒன்றைச் செலுத்தி அவ்வணியைக் குலைத்தால், அவை மீண்டும் நிலைகொள்ளும்போது தாமும் ஓர் அலையை வெளிவிடும். அவ்வலையின் வேறுபாடுகளிலிருந்து படம் வரையப்படுகிறது. இம்முறைக்கு அடித்தளமிட்ட பால் லாட்டர்பர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் ஆகியோர் 2003இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். சுருங்கக் கூறின், எம்.ஆர்.ஐ. என்பது மூளையிலுள்ள தண்ணீரிடம் நடத்தப்படும் விசாரணை. கேள்வியை மாற்றினால் விடையும் மாறும். மேம்பட்ட முறைகள் எனப்படுபவை பெரும்பாலும் புதிய கேள்விகளே. புதிய எந்திரங்கள் அல்ல.

அவற்றுள் ஒன்று இரும்பைப் பற்றிக் கேட்கிறது. இழைகள் சிதையும்போது அருகிலுள்ள மயிரிழை போன்ற நாளங்களும் கிழிந்து, கடுகினும் சிறிய இரத்தத் துளிகள் கசிகின்றன. அத்துளிகள் காய்ந்து மறைந்த பின்னரும் இரத்தத்தின் இரும்பு அவ்விடத்தில் தங்கி, சுற்றியுள்ள காந்தப்புலத்தைச் சற்றே கலைக்கும். அக்கலக்கத்தைப் பெரிதாக்கிக் கரும்புள்ளிகளாகக் காட்டும் முறைக்கு எஸ்.டபிள்யூ.ஐ. என்று பெயர். மார்க் ஹாக்கி, யூர்கன் ரைஷன்பாக் ஆகியோர் 1990களின் இறுதியில் உருவாக்கியது இது. இம்முறையின் வரலாற்றில் அருமனைக்காரர்களின் அண்டை நகருக்கும் இடமுண்டு. விளவங்கோடு வட்டம் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலந்தொட்டு இப்பகுதியினர் பெரிய வைத்தியத்துக்குத் திருவனந்தபுரத்தை நோக்குவது வழக்கம். அந்நகரின் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பெஜாய் தாமஸ், கேசவதாஸ் முதலிய கதிரியக்க மருத்துவர்கள், எஸ்.டபிள்யூ.ஐ. முறையின் மருத்துவப் பயன்களைப் படங்களுடன் விளக்கி 2008இல் 'நியூரோரேடியாலஜி' இதழில் எழுதிய கட்டுரை உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. இக்கரும்புள்ளிகள் ஆண்டுகள் கழிந்தும் மறையாமல் நிற்கக்கூடும் என்பது கவனத்துக்குரியது. தாமதமாக எடுக்கப்படும் படமும் பேசும்.

இரண்டாவது முறை நீரின் நகர்வைப் பற்றிக் கேட்கிறது. இதன் பெயர் டிஃப்யூஷன் டென்சர் இமேஜிங், சுருக்கமாக டி.டி.ஐ. பீட்டர் பாஸரும் டெனி லெ பிஹானும் தம் கூட்டாளிகளோடு 1994இல் வெளியிட்டது. தேங்காய் மட்டையில் நீர் ஊறுவதைக் கண்டவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். நாரின் போக்கில் நீர் விரைந்து செல்லும். குறுக்கே செல்லத் தயங்கும். மூளையின் நரம்பிழைக் கற்றையிலும் அவ்வாறே. குறைந்தது ஆறு திசைகளில் நீர்மூலக்கூறுகளின் நகர்வை அளந்து, அது எந்த அளவுக்கு ஒரே திசையைச் சார்ந்திருக்கிறது என்பதை 0 முதல் 1 வரையிலான எண்ணாகக் கணக்கிடுகின்றனர். கற்றை ஒழுங்காக இருப்பின் எண் உயர்ந்திருக்கும். இழைகள் சிதைந்து நீர் நாற்புறமும் கசிந்தால் எண் தாழும். காயமடைந்து மாதங்கள் கழிந்தவர்களிடம் இத்தாழ்வு பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்டுள்ளது. விபத்து நேர்ந்த முதல் நாள்களில் இதற்கு நேர்மாறாக எண் உயர்ந்து காணப்படுவதும் உண்டு. இழைகளின் வீக்கம் அதற்குக் காரணமாகலாம் என்பர். ஆகவே எந்நாளில் எடுத்த படம் என்று அறியாமல் அவ்வெண்ணுக்குப் பொருள் கூற இயலாது.

நரம்பணுக்களின் நலத்தைச் சுட்டும் வேதிப்பொருள்களை அளக்கும் முறையும், இரத்த ஓட்டத்தை அளக்கும் முறையும் உண்டு. அவை இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்கே உரியவை.

இப்னு ஸீனா மூளையின் அறைகளில் அறிவாற்றல்களை வரிசைப்படுத்தினார்: முன்னறையில் புலன்களின் சங்கமம், நடுவில் சிந்தனை, பின்னறையில் நினைவு. இன்றைய படங்கள் அறைகளைக் காட்டிலும் அவற்றுக்கிடையேயான வழிகளுக்கே முதன்மை தருகின்றன. கவனமும் நிதானமும் குடியிருக்கும் தனி இடம் ஒன்றில்லை. இடங்களுக்கிடையே செய்தி தடையின்றிச் செல்வதில் அவை அமைந்துள்ளன. மேற்சொன்ன தொழிலாளியின் ஒவ்வோர் உறுப்பும் நலமாக இருந்தும் அவரால் கத்தியை ஓட்ட முடியாமற்போனது இதனால்தான். (96ஆம் அத்தியாயத்தில் வரும் 'முன்நெற்றி' என்னும் சொல்லைக் கொண்டு இவ்வறிவியல் அனைத்தும் அங்கேயே சொல்லப்பட்டுவிட்டது என்று நிறுவும் சிறுநூல்கள் நம்மிடையே பெருகியுள்ளன. நாம் அவ்வழியில் செல்ல விரும்பவில்லை. வேதத்தின் கண்ணியம் ஆண்டுதோறும் மாறும் ஆய்வு முடிவுகளைச் சார்ந்து நிற்பதன்று.)

சாட்சியின் தகுதி

ஒரு சாட்சியை ஏற்குமுன் அவருடைய தகுதியை விசாரிப்பது நம் மரபு. எம்.ஆர்.ஐ. சாட்சிக்கும் அந்த விசாரணை தேவை.

அதன் பலம் முதலில். அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் இணைந்து நடத்திய டிராக் டி.பி.ஐ. ஆய்வின் 2013ஆம் ஆண்டு அறிக்கையில், இலேசான மூளைக் காயம் என வகைப்படுத்தப்பட்டு, சி.டி. படத்தில் குறையேதும் காணப்படாதவர்களுள் 27 விழுக்காட்டினருக்கு எம்.ஆர்.ஐ. படத்தில் காயம் தென்பட்டது. அவ்வாறு தென்பட்ட சில வகைக் காயங்கள் மூன்று மாதங்களுக்குப் பிந்தைய நிலையை முன்னறிவிக்கவும் உதவின. நான்கில் ஒருவருக்கும் அதிகமானோரிடம் 'ஒன்றுமில்லை' என்று கூறப்பட்டது முழு உண்மையன்று என்பது இதன் பொருள்.

இனிப் பலவீனம். டி.டி.ஐ. முடிவுகளில் பெரும்பாலானவை காயமடைந்தோர் குழு ஒன்றையும் நலமுள்ளோர் குழு ஒன்றையும் ஒப்பிட்டுப் பெற்றவை. குழுவின் சராசரி தாழ்ந்திருப்பதால் அக்குழுவிலுள்ள ஒவ்வொருவரின் எண்ணும் தாழ்ந்திருக்கும் என்பதில்லை. முதுமை, நீண்டகால இரத்த அழுத்தம், மதுப்பழக்கம் ஆகியனவும் அதே எண்ணைத் தாழ்த்தும். எந்திரத்துக்கு எந்திரம் அளவு மாறும். இரு கற்றைகள் குறுக்கிடும் இடத்தில், இழைகள் நலமாக இருந்தாலும் எண் தாழ்ந்தே தோன்றும். இவற்றையெல்லாம் கருதியே, குழு ஆய்வுகளில் இம்முறைகள் நம்பிக்கையூட்டினாலும் தனியொரு நோயாளியின் அன்றாட மருத்துவ முடிவுக்கு இவற்றைக் கொள்ளப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கக் கதிரியக்க வல்லுநர்கள் கூட்டாக வெளியிட்ட 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறியது. எஸ்.டபிள்யூ.ஐ. இதைவிட உறுதியான நிலையில் உள்ளது. ஆனால் அங்கும் புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து நோயாளியின் துன்பத்தை நேரே கணக்கிட இயலாது. புள்ளியே இல்லாதவர் வேலையிழந்து நிற்பதும், பல புள்ளிகள் உள்ளவர் கடை நடத்துவதும் உண்டு.

எனவே படத்தில் காயம் தெரிந்தால் அது வலுவான சான்று. தெரியாவிட்டால் காயமே இல்லை என்பதற்கு அது சான்றாகாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதிலிருந்தே பெரும்பாலான அநீதிகள் பிறக்கின்றன. உலக அறிஞர்களும் ஒற்றைச் சொல்லில் காயத்தை அடைக்கும் போக்கைக் கைவிட்டு வருகின்றனர். டீஸ்டேல், ஜென்னெட் இருவரும் 1974இல் அமைத்த கிளாஸ்கோ அளவுகோலில் 13 முதல் 15 வரை பெற்றவரை 'இலேசான காயம்' என்று அரை நூற்றாண்டாக அழைத்து வந்தனர். 2025இல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வெளியான புதிய வரைவு, அந்த அளவுகோலோடு இரத்தப் பரிசோதனை, படிமச் சான்று, நோயாளியின் முன்வரலாறும் சூழலும் ஆகியவற்றைச் சேர்த்துக் காயத்தை விவரிக்கப் பரிந்துரைக்கிறது.

நம் நாட்டு நீதிமன்றங்கள் இவ்விடயத்தில் சரியான திசையிலேயே செல்கின்றன. விபத்து இழப்பீட்டில் உடற்குறைபாட்டின் விழுக்காட்டை மட்டும் பார்த்தல் ஆகாது. அது அம்மனிதரின் தொழிலையும் ஈட்டும் ஆற்றலையும் எவ்வளவு பாதித்தது என்று காண வேண்டும் என 2010இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வட மாநிலமொன்றில் 2007இல் டிராக்டரில் செல்லும்போது லாரி மோதி மூளை சிதைந்த 12 வயதுச் சிறுமியின் வழக்கில், அவளது அறிவுநிலை வயதுக்குரியதில் 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று மருத்துவர்கள் சான்றளித்தனர். தீர்ப்பாயம் ஏறத்தாழ 11 லட்சம் ரூபாய் வழங்கியது. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் அதனை 62 லட்சத்துக்கும் மேலாக உயர்த்தியது. அங்கே சான்றாக நின்றது அறிவாற்றல் சோதனை என்பதைக் கவனிக்க வேண்டும். சொல்லையும் செயலையும் கவனித்து அறிவின் இழப்பை அளக்கும் 'மின்ஹாஜ்' முறையின் நெறிப்படுத்தப்பட்ட வடிவமே நரம்பு உளவியல் சோதனை என்று சொல்வதில் மிகையில்லை. படம் அதற்குத் துணைநிற்கும்.

ஆதலின் பாதிக்கப்பட்ட குடும்பத்தார் செய்ய வேண்டியது விலையுயர்ந்த படத்தைத் தேடி ஓடுவதற்கு முன்பே தொடங்குகிறது. எத்தனை நிமிடம் நினைவிழந்திருந்தார், விபத்துக்குப் பின் எவ்வளவு நேரத்து நிகழ்வுகள் அவர் நினைவில் பதியவேயில்லை, சேர்க்கும்போது கிளாஸ்கோ அளவு என்ன என்பவை மருத்துவமனைக் குறிப்பில் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் எஸ்.டபிள்யூ.ஐ. வரிசையும் சேர்க்கப்படுமா என்று மருத்துவரிடம் கேட்பது தகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு விதித்தது. அக்கெடு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்கப்பட்டிருப்பினும், மெல்ல வெளிப்படும் மூளைக் காயத்தில் காலதாமதம் ஆபத்தானது.

மஹல்லா ஜமாஅத்துகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கணவனின் திடீர்க் கோபம், காரணமற்ற பிணக்கு, ஆத்திரத்தில் மொழிந்த தலாக் என்று வழக்குகள் வரும்போது, 'இவருக்குத் தலையில் அடிபட்டதுண்டா?' என்னும் கேள்வியை நிர்வாகிகள் கேட்பதில்லை. அறிவு நீங்கியவரின் தலாக் செல்லாது என்பது யாவரும் அறிந்த சட்டம். மூளைக் காயத்தால் எழும் எரிச்சல் அந்த அளவை எட்டுமா என்பது ஆலிமும் மருத்துவரும் சேர்ந்து ஆராய வேண்டியது. ஒருவர் அச்சொல்லை மொழிந்த வேளையில் எந்நிலையில் இருந்தார் என்பதை எந்த எம்.ஆர்.ஐ. படமும் சொல்லாது. ஆனால் அவர் முன்பு இத்தன்மையர் அல்லர் என்று மனைவி கூறும்போது அது வெறும் பரிவு அன்று என்பதைப் படம் உணர்த்தக்கூடும்.

படுக்கையில் கிடப்பவர்

இதுவரை நடமாடுவோரைப் பற்றிப் பேசினோம். கடுங்காயமுற்றுக் கண்களைத் திறந்திருந்தும், உறங்கி விழித்தும், அழைத்தால் அறிகுறி எதுவும் காட்டாமல் கிடப்போரும் உளர். இந்நிலை மூளைச்சாவு அன்று. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி ஆராய்ந்த மூளைச்சாவுப் பிரச்சினையோடு இதனைக் குழப்புதல் கூடாது.

2006இல் ஏட்ரியன் ஓவனும் கூட்டாளிகளும், சாலை விபத்தில் காயமுற்று இந்நிலையில் கிடந்த 23 வயதுப் பெண்ணை, மூளையின் இரத்த ஓட்ட மாற்றத்தைத் தொடர்ந்து காட்டும் எம்.ஆர்.ஐ. முறையில் ஆராய்ந்தனர். டென்னிஸ் ஆடுவதாகவும், பின்னர் தம் வீட்டின் அறைகளில் நடப்பதாகவும் கற்பனை செய்யும்படி அவரிடம் சொல்லப்பட்டது. நலமுள்ளோரின் மூளையில் எந்தெந்தப் பகுதிகள் செயற்படுமோ அதே பகுதிகள் அவர் மூளையிலும் செயற்பட்டன. கையை அசைக்க இயலாதவர் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தார். அது அபூர்வமான ஒரு தனி நிகழ்வு என்று ஒதுக்கப்படவும் முடியவில்லை. 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக எவ்விதப் பதிலும் தராத 241 பேரில் 60 பேர், அதாவது நால்வரில் ஒருவர், எம்.ஆர்.ஐ. அல்லது மூளை மின்னலைப் பதிவின் வழியே பதிலளித்தனர்.

இச்சோதனை உலகின் சில ஆய்வு நிலையங்களில் மட்டுமே நடைபெறுகிறது. அருமனையிலோ நாகர்கோவிலிலோ ஒரு குடும்பம் அதனைக் கேட்டுப் பெற முடியாது. எனினும் அதே ஆய்வாளர்கள் வலியுறுத்தும் எளிய வழிகள் உண்டு. அருகில் நின்று அவரைப் பற்றிப் பிணத்தைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுதல் கூடாது. ஒரு முறை சோதித்துவிட்டு முடிவு கூறுதலும் கூடாது. நாளின் வெவ்வேறு வேளைகளில், அவர் விழித்திருக்கும் தருணம் பார்த்து, பலமுறை சோதிக்க வேண்டும். கண்கள் ஒரு பொருளைப் பின்தொடர்கின்றனவா என்று காண விரலையோ விளக்கையோ ஆட்டிப் பார்ப்பதைக் காட்டிலும் ஒரு முகக்கண்ணாடியை அவர் முன் மெல்ல நகர்த்துவது நல்லது. வேறெதையும் தொடராத கண்கள் பல வேளைகளில் தம் சொந்த முகத்தைத் தொடர்ந்து செல்கின்றன.